தாட்சாயணி பேருக்கு வந்த பார்சல்கள்

எங்க ஆபீஸ்ல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கம்மா. இனிமே யாரு பேருக்கும் சொந்தப் பார்சல் ஆபீஸ் விலாசத்துக்கு வரக்கூடாது, வந்தா கேட்டுலேயே திருப்பி அனுப்பிடுவோம், இப்படிக்கு நிர்வாகம். ஒட்டிப் பதினாறு நாளாச்சு. அது என்னாலதான் வந்துச்சுன்னு நூத்திப்பத்து பேரும் சொல்றாங்க. மத்தியானம் நான் போய் உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க டப்பாவை மூடிக்கிட்டு எந்திரிச்சுப் போயிடறாங்க. நான் பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு வந்துடறேன். சாப்பாடு உள்ள போகுது, அதுல ஒண்ணும் குறையில்ல.

உடம்பு சரியில்லையான்னு கேட்டீங்கல்ல, அதனால சொல்றேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்கு மொகமே இப்படித்தான். இந்த பஸ்ஸு பாலத்து மேல ஏறவே அரை மணி நேரம் ஆகும்போல இருக்கு, முன்னாடி பூரா லாரியா நிக்குது. நீங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? நான் பாலக்கரையில இறங்கணும்.

என் பேரு தமயந்தி. துவாக்குடியில பாய்லருக்கு உதிரிபாகம் செய்யற கம்பெனி ஒண்ணுல தபால் செக்‌ஷன்ல இருக்கேன். இருபத்தொம்பது வருஷம் ஆகுது. செக்‌ஷன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. நான் ஒரு ஆளு, ஒரு மேசை, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு ரிஜிஸ்டர். வர்ற தபால் ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடணும், தேதி போடணும், யாரு பேருக்கு வந்துச்சுன்னு எழுதணும், அவங்ககிட்ட குடுத்துட்டுக் கடைசிக் கட்டத்துல கையெழுத்து வாங்கணும். இருபத்தொம்பது வருஷத்துல கையெழுத்து இல்லாத வரி ஒண்ணு கிடையாது. யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்.

முன்னெல்லாம் டெண்டர் வரும், வரைபடம் வரும், சர்க்கார் கடுதாசி வரும். இப்ப அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுது. என்கிட்ட வர்றது பூரா பார்சல்தான். ஒரு நாளைக்கு நாப்பது அம்பது வரும். புடவை வரும், செருப்பு வரும், குழந்தைக்கு டயாப்பர் வரும், ஒருத்தருக்கு நாய்ச்சோறு மூட்டையே வரும். ஏன் வீட்டுக்கு வரவழைக்கலன்னா ஆளுக்கொரு காரணம். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல பகல்ல வாங்க ஆளில்ல. கீழ்வீட்டுக்காரங்க வாங்கி வச்சா, என்ன வாங்கினீங்கன்னு ஒரு வாரத்துக்குக் கேப்பாங்க. ஸ்டோர்ஸ்ல ஒரு சார் இருக்காரு, அம்பத்தாறு வயசு, தலைக்குப் போடற மை ஆபீசுக்குத்தான் வரும். பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாதாம். மாசாமாசம் தலை கறுப்பாகறது பொண்டாட்டிக்குத் தெரியாம எப்படி இருக்கும், ஆனா அது அவரு கவலை. நான் கேக்கறதில்ல.

நான் யாரையும் எதுவும் கேக்கறதில்லம்மா. அதுதான் என் பழக்கம். ஒரு பார்சலைப் பிரிச்சதில்ல, ஆட்டிப் பாத்ததுகூட இல்ல. கையில தூக்கினாலே தெரிஞ்சிடும், அது வேற விஷயம். பாதிப் பெட்டியில வெளியிலேயே படம் போட்டிருக்கான்.

இந்த தாட்சாயணி பர்ச்சேஸ் செக்‌ஷன்ல இருந்தா. முப்பத்திமூணு வயசு இருக்கும். குழந்தை இல்ல. நாலு வருஷமா வேலை பாத்தா. காட்டூர்ல வீடு. நான் இப்ப பஸ் ஏறினேன் பாருங்க, அந்த ஸ்டாப்புலேர்ந்து அஞ்சு நிமிஷ நடை. அவ புருஷன் ரகுபதி வீட்டுல உக்காந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவரு. வீட்டுக்கு எது வந்தாலும் அவருதான் பிரிப்பாரு. அவ பேருக்கு வந்தாலும் அவருதான். அதுக்குன்னே சட்டைப் பையில சின்னக் கத்தரிக்கோல் வச்சிருப்பாராம். இவ சித்தப்பா பொண்ணோட கல்யாணப் பத்திரிகையைக்கூட அவரு பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் இவ கையில குடுத்தாராம். இதை அவளே ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொன்னா. நானும் சிரிச்சேன். சில ஆம்பளைங்களுக்கு அப்படி ஒரு பழக்கம், நமக்கென்னன்னு விட்டுட்டேன்.

ஆடி மாசத்துலேர்ந்து அவளுக்குப் பார்சல் வர ஆரம்பிச்சுது. மொதல்ல ஒரு குக்கர். சின்னது, ஒன்றரை லிட்டர். வீட்டுல குக்கர் இல்லியாம்மான்னு கேட்டேன். இருக்குக்கா, இது வேறன்னா. எதைக் கேட்டாலும் அவ்வளவுதான் பதில். அப்புறம் ஒரு தட்டு, ஒரு டம்ளர். பத்து நாள் கழிச்சு ஒரு தலகாணி. ஒரு வாளி. ஒரு பாய். கதவுக்கு உள்பக்கம் போடற தாழ்ப்பாள் ஒண்ணு, நல்ல கனமா. எல்லாமே ஒண்ணொண்ணுதான். ரெண்டா வாங்கினா தள்ளுபடி தருவானேன்னு சொன்னேன். ஒண்ணு போதும்க்கான்னு சொல்லிட்டா.

வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமாட்டா. அக்கா, ரெக்கார்டு ரூம்ல பழைய வரைபடம் வச்சிருக்கற ரேக்குக்குப் பின்னாடி வச்சுக்கட்டுமான்னு கேட்டா. அந்த ரூம் சாவி என்கிட்டதான் இருக்கும். வச்சுக்கோன்னேன். இடம் சும்மாதானே கிடக்கு. என்ன, ஒவ்வொண்ணுக்கும் ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிட்டேன், அவ வாங்கினதா. சில நாள் மத்தியானம் அங்க போய் அந்தப் பெட்டிங்களுக்கு நடுவுல உக்காந்து சாப்பிடுவா. ஒரு நாள் நான் ஃபைல் எடுக்கப் போனேன். வாளிக்குள்ள குக்கர், குக்கருக்குள்ள டம்ளர்னு அடுக்கி வச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்து, இவ்வளவுதாங்க்கா, ஒரு ஆட்டோவுல போயிடும்னா. அவ சந்தோஷமா இருந்து நான் பாத்தது அன்னிக்குத்தான். தீபாவளி கழிஞ்சதும் எல்லாத்தையும் எடுத்துக்கறேன்க்கா, அதுவரைக்கும் ஆபீஸ்லேயே இருக்கட்டும்னு சொன்னா.

இப்ப எல்லாரும் சொல்றாங்க. அவ புருஷனை விட்டுட்டுத் தனியாப் போறதுக்குச் சாமான் சேத்தாளாம். தஞ்சாவூர்ல ஒரு ரூம்கூட பேசி வச்சிருந்தாளாம். பர்ச்சேஸ்ல மெர்சின்னு ஒரு பொண்ணு, அவளுக்கு மொதல்லேர்ந்தே தெரியுமாம். எல்லாரும் இப்ப என்னைப் பாத்து, உங்களுக்குத் தெரியலையாக்கா, தெரியலையாக்கான்னு கேக்கறாங்க. சொன்னாத்தானே தெரியும். ஒரு பொண்ணு ஒரு குக்கர் வாங்கினா அவ வீட்டை விட்டுப் போறான்னு நான் எதை வச்சு நினைக்கறது?

முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கிட்டு வருவா. அது தெரியும். சித்திரை வெயில்ல முழுக்கை. வேர்க்காதாம்மான்னு கேட்டேன். பழகிடுச்சுக்கான்னா. ஒரு தடவை காது பக்கம் வீங்கியிருந்துச்சு. குளியலறைக் கதவுல இடிச்சுக்கிட்டேன்னா. எங்க வீட்டுக் கதவும் அப்படித்தான், மழைக்கு உப்பிக்கும்னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் போயிட்டா.

நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. கஷ்டம் யாரு வீட்டுல இல்ல? என் வீட்டுக்காரரு என்கிட்ட பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு. சண்டையெல்லாம் இல்ல. ஒரு நாள் பேச்சை நிறுத்தினாரு, அப்படியே நின்னு போச்சு. சோறு வச்சா சாப்பிடுவாரு. துணி துவைச்சுப் போட்டா போட்டுக்குவாரு. நான் ஒரு டம்ளர் வாங்கி ரேக்குக்குப் பின்னாடியா வச்சேன்? இருக்கறதை வச்சுக்கிட்டு இருக்கோம்ல. பழகிட்டா ஒண்ணும் தெரியாது. எனக்கு இப்ப ஒண்ணுமே தெரியறதில்ல.

சரி, அதை விடுங்க. நடந்தது என்னன்னா, தீபாவளி முடிஞ்சு ரெண்டாவது நாள் அவளுக்குக் காய்ச்சல். லீவு. அந்த வாரம் ஒரு பெரிய பெட்டி வந்துச்சு. கரண்ட் அடுப்பு, ஒரு பாத்திரம் வைக்கறது. நான் நம்பர் போட்டு மேசைக்குக் கீழ வச்சேன். ஒரு நாள் ஆச்சு, ரெண்டு நாள் ஆச்சு, மூணு நாள் ஆச்சு. எங்க செக்‌ஷன்ல ஒரு விதி இருக்கு. ஒருத்தர் மூணு நாளைக்கு மேல லீவுல இருந்தா, அவங்க பேருக்கு வந்த தபாலை மேசையில தேங்க விடக்கூடாது. ஆபீஸ் விலாசத்தைச் சிவப்பு மசியில அடிச்சுட்டு வீட்டு விலாசம் எழுதி அனுப்பிடணும். எந்தக் காலத்துலயோ எழுதி வச்ச விதி. சம்பள உயர்வுக் கடுதாசி, மெமோ, அதுக்கெல்லாம் எழுதினது. ஆனா பார்சலும் தபால்தானே. அதுக்குத் தனியா யாரும் எழுதி வைக்கலையே.

நாலாவது நாள் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அடிச்சேன். காட்டூர் விலாசம் எழுதினேன். ஸ்டாஃப் பஸ்ஸு அந்த வழியாத்தான் போகும், டிரைவர் அந்தோணிசாமிகிட்ட கட்டத்துல கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுத்தேன். அவரு பெட்டியைத் திருப்பிப் பாத்துட்டு, அக்கா, அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமேன்னாரு. தபாலைக் குடுக்கறதுக்கு எதுக்குக் கேக்கணும்னு சொன்னேன்.  சாயங்காலம் கொண்டுபோய்க் குடுத்துட்டாரு. வீட்டுக்காரரு வாங்கிக்கிட்டாரு, அங்கேயே பிரிச்சாருன்னு மறுநாள் வந்து சொன்னாரு.

ஆபீஸ்லேயே இருக்கட்டும்னு அவ சொன்னா, இல்லேன்னு சொல்லல. ஆனா அது அவ வேலைக்கு வர்றப்ப. லீவுல இருந்தா விதி வேற. இதை மேனேஜர் கோதண்டபாணிகிட்டயும் சொல்லிட்டேன். 

அதுக்கப்புறம் தாட்சாயணி வரல. ரெண்டு நாள் கழிச்சு ரகுபதி வந்தாரு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அமைதியான பேச்சு. வணக்கம் சொல்லிட்டு உக்காந்தாரு. எனக்கு யாரும் வணக்கம் சொல்றதில்லம்மா ஆபீஸ்ல, அதான் ஞாபகம் இருக்கு. என் வீட்டுக்காரி பேருக்கு வேற ஏதாவது இங்க இருக்காக்கான்னு கேட்டாரு. இருக்கு, பதிமூணு இருக்குன்னேன். கேட்டா இருக்கறதைத்தானே சொல்லணும்.  பதிமூணான்னு மட்டும் கேட்டாரு.

ஆனா சும்மா குடுத்துடல. அதையும் சொல்லணும். அவங்க பேருல இருக்கு, அவங்க கைப்பட எழுதின கடுதாசி இல்லாம குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். மறுநாள் கடுதாசியோட வந்தாரு. எழுத்து கொஞ்சம் கோணலா இருந்துச்சு, காய்ச்சல்ல எழுதியிருப்பான்னு நினைச்சேன். கையெழுத்தை ரிஜிஸ்டர்ல இருக்கற பழைய கையெழுத்தோட வச்சு ஒத்துப் பாத்தேன். அவளோடதுதான். ரெக்கார்டு ரூமைத் திறந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தேன். அவரு வராந்தாவுலேயே வச்சு ஒவ்வொண்ணையும் கத்தரிக்கோலால பிரிச்சாரு. தலகாணி உறையைக்கூடக் கிழிச்சு உள்ள கைவிட்டுப் பாத்தாரு. அந்தத் தாழ்ப்பாளை மட்டும் ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. பர்ச்சேஸ் செக்‌ஷன் பூரா வாசல்ல நின்னு பாத்துச்சு. மெர்சி அழுதா. எனக்கு ஒண்ணும் தோணல. பதிமூணும் சரியா இருந்துச்சு.

போறப்ப, ரொம்ப நன்றிக்கா, பத்திரமா வச்சிருந்தீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு.

அந்த வாரமே அவ ராஜினாமாக் கடுதாசி தபால்ல வந்துச்சு. நான்தான் நம்பர் போட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் மெர்சி என் மேசைக்கு வந்து நின்னா. சத்தமெல்லாம் போடல. "அவ நாலு மாசம் கஷ்டப்பட்டு வெளியில வரப் பாத்தாக்கா. நீங்க சிவப்பு மசியில விலாசம் எழுதி அவளைத் திருப்பி அனுப்பிட்டீங்க." அவ்வளவுதான் சொன்னா.  அவ போனப்புறம் ஸ்டாம்பை எடுத்துத் தேதியை மாத்தி வச்சேன், மறுநாளைக்கு.

பர்ச்சேஸ்ல நாலஞ்சு பேரு மேனேஜர்கிட்ட போனாங்க. தமயந்தியைக் கேளுங்கன்னு சொன்னாங்களாம். மேனேஜருக்குத் தலைவலி. இந்தப் பார்சல் வந்தாத்தானே இந்த வம்பு, இனிமே யாருக்கும் வரவேண்டாம்னு நோட்டீஸ் ஒட்டிட்டாரு. அதுக்கும் நான்தான் காரணம்னு ஆச்சு. தலைக்கு மை வாங்கற சார் இருக்காரே, அவரு என்னைப் பாத்தா மொகத்தைத் திருப்பிக்கறாரு. போகட்டும்.

இதோட முடிஞ்சிருந்தா நான் காட்டூர்ல இறங்கியே இருக்க மாட்டேன். நோட்டீஸ் ஒட்டறதுக்கு மொத நாள் தாட்சாயணி பேருக்கு இன்னொரு பார்சல் வந்துடுச்சு. ஆடியிலேயோ ஆவணியிலேயோ சொல்லி வச்சது போல இருக்கு, செஞ்சு அனுப்பற சாமான், அதான் தாமசம். நான் நம்பர் போட்டுட்டேன். மேனேஜர் திருப்பி அனுப்புன்னாரு. பெட்டி மேலேயே எழுதியிருக்கான், திருப்பி வாங்க மாட்டோம்னு. அப்ப அந்த வரி என்ன ஆகறது? கடைசிக் கட்டம் காலியா நிக்குது. தினமும் ரிஜிஸ்டரைத் திறக்கறப்ப அது கண்ணுல படுது. மத்த வரியெல்லாம் முடிஞ்சிருக்கு, அது ஒண்ணு மட்டும் முடியல. தூங்கப் போனாலும் அந்தக் கட்டம்தான் ஞாபகத்துக்கு வருது. மெர்சி சொன்னது ஞாபகத்துக்கு வரல, பாருங்க, இதுதான் வருது.

இன்னிக்குச் சனிக்கிழமை, அரை நாள். பார்சலையும் ரிஜிஸ்டரையும் பையில வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன். ரிஜிஸ்டரை ஆபீசை விட்டு வெளியில எடுத்துட்டு வர்றது இதுதான் மொத தடவை. மேனேஜருக்குத் தெரியாது.

மாடி வீடு. மணி அடிச்சேன். ரகுபதிதான் திறந்தாரு. வாங்கக்கான்னு சிரிச்ச மொகமா கூப்பிட்டாரு. பார்சலைக் காட்டினேன். கையை நீட்டினாரு. அவங்க கையெழுத்துப் போடணும்னு சொன்னேன். நான் போடறேனேன்னாரு. உங்க பேருக்கு வரல, அவங்க பேருக்கு வந்திருக்குன்னேன். நான் அவ புருஷன்க்கான்னாரு. தெரியும், ஆனா கட்டத்துல அவங்கதான் போடணும், இல்லேன்னா நான் திரும்பக் கொண்டு போறேன்னு சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இப்படியும் ஒரு ஆளான்னு நினைச்சிருப்பாரு. ஆனா அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு தெரியாம அவரால இருக்க முடியல, அது மொகத்துலேயே தெரிஞ்சுது. உள்ள திரும்பி, தாட்சா, வான்னு கூப்பிட்டாரு.

வந்தா. மெலிஞ்சு போயிருந்தா. இடது கையைப் புடவைத் தலைப்புக்குள்ள வச்சிருந்தா. வாங்கக்கா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டா. நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கேன்னு கேட்டேன். நல்லா இருக்கேன்க்கான்னு சொல்லிட்டு அவரைப் பாத்தா. நான் ரிஜிஸ்டரைத் திறந்து, உன் பேருக்கு நேரா கடைசிக் கட்டம்னு காட்டினேன். பேனாவைக் குடுத்தேன். அவரு பார்சலை வாங்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் போய்க் கத்தரிக்கோலை எடுத்துட்டாரு.

நல்லா ஒட்டியிருந்தான், சுத்திச் சுத்தி டேப்பு. அவரு வெட்டிக்கிட்டே இருக்காரு, இவ எழுதிக்கிட்டே இருக்கா. ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம்னு நினைச்சேன்.  அவரு உள்ளேயிருந்து ஒரு மரப் பலகையை எடுத்தாரு. வாசல்ல மாட்டற பேர்ப்பலகை. தாட்சாயணின்னு எழுத்துச் செதுக்கியிருந்துச்சு, ரொம்ப அழகா. அது மட்டும்தான். இனிஷியல்கூட இல்ல. அவரு அதைத் திருப்பிப் பாத்தாரு, பின்பக்கம் பாத்தாரு, மறுபடியும் முன்பக்கம் பாத்தாரு. வேற பேரு எங்கேயாவது இருக்கான்னு தேடின மாதிரி இருந்துச்சு.

இவ ரிஜிஸ்டரை மூடி என் கையில குடுத்தா. எப்பவும் நான்தான் மூடுவேன், இன்னிக்கு அவளே மூடினா. குடுத்துட்டும் விடல, ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிட்டே நின்னா. "பத்திரமா கொண்டு போங்கக்கா. போனதும் பாருங்க," அப்படின்னா. என்னத்தைப் பாக்கறது, தினமும் பாக்கறதுதானேன்னு நினைச்சேன். அவரு பலகையைக் கையில வச்சுக்கிட்டு, இது எந்த வீட்டுக்குன்னு அவகிட்ட கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு.  அவரு என்னைப் பாத்து, டீ சாப்பிட்டுப் போங்கக்கான்னாரு. இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

படி இறங்கறப்ப மேல கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. தெருவுக்கு வர்றதுக்குள்ள என்னமோ விழுந்த மாதிரி ஒரு சத்தம். பலகையா இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் இன்னொரு தடவை கேட்டுச்சு. நான் நிக்கல. நிக்கணும்னு தோணிச்சு, கால்தான் நிக்கல. ஸ்டாப்புக்கு வந்தேன், இந்த பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்.

அவ்வளவுதாம்மா. ரிஜிஸ்டர்ல இப்ப ஒரு வரிகூட பாக்கி இல்ல. சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். ஒண்ணும் இல்ல. ஏறினதுலேர்ந்து இந்தப் பையை இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன், இதைப் பாத்துட்டுத்தான் நீங்க உடம்பு சரியில்லையான்னு கேட்டிருப்பீங்க.

நீங்க வேணும்னா பாருங்களேன். கண்ணாடியை ஆபீஸ் மேசையிலேயே வச்சுட்டு வந்துட்டேன். கையெழுத்து கட்டத்துக்குள்ள சரியா விழுந்திருக்கான்னு மட்டும் சொல்லுங்க. இந்தாங்க, இந்தப் பக்கத்துல கடைசிக்கு முன் வரி. தாட்சாயணி, பர்ச்சேஸ், ஒரு பெட்டி. அதுக்கு நேரா.

கையெழுத்து இல்லியா? நல்லாப் பாருங்கம்மா. என் கண்ணு முன்னாடிதான் எழுதினா. பொடி எழுத்தா என்னமோ எழுதியிருக்கா? என்ன எழுதியிருக்கா, படிங்க. சத்தமாவே படிங்க, இந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கப் போகுது.

"அக்கா, இன்னிக்கே போலீஸோட வாங்க. நாளைக்கு நான் இருக்க மாட்டேன்."

அது கையெழுத்துப் போடற கட்டம்மா. அதுல வேற எதுவும் எழுதக்கூடாது. அதுல போய்.

திரும்பப் படிங்க.

நிஜமாவே அக்கான்னு போட்டிருக்காளா? என்னைத்தான் சொல்றாளா? மெர்சி பேரு இல்லையே அதுல? மெர்சிக்கு எழுதி என்கிட்ட குடுத்து விட்டாளோ என்னமோ. இல்லியா. அக்கான்னுதான் இருக்கா.

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேம்மா. ரெண்டு தடவை கேட்டேன். கேட்டுட்டுத்தான் வந்தேன்.

எங்க எந்திரிக்கறீங்க? போனை எடுத்து யாருக்குப் போடறீங்க? போலீசா? பேசுங்க, பேசுங்க. விலாசம் கேக்கறாங்களா? குடுங்க, நான் சொல்றேன். எனக்குத்தான் தெரியும், நான்தான் எழுதினேன். இருபத்தேழு பை நாலு, மூணாவது குறுக்குத் தெரு, காட்டூர். மாடி. அங்க ரெண்டு சந்து ஒரே மாதிரி இருக்கும், அவங்க மாறிப் போயிடுவாங்க. தண்ணித் தொட்டி இருக்கற சந்துன்னு சொல்லுங்க. நான் அங்க வந்து நிக்கறேன்னு சொல்லுங்க. தமயந்தின்னு சொல்லுங்க.

கொஞ்சம் வழி விடுங்கம்மா. கண்டக்டர் சார், வண்டியை இங்கேயே நிறுத்தச் சொல்லுங்க. ஸ்டாப்பு இல்லேன்னு தெரியும் சார். நான் திரும்பிப் போகணும்.